ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் ஜீரோ நிற்கவில்லை: ஸ்கோப் பழுதா, பொருத்தியதில் பிழையா?

கேள்வி: இருபதுமீட்டர்

வணக்கம். குழலை மடக்கிப் பெல்லட் ஏற்றும் 4.5 மி.மீ. ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள் ஒன்றில் 4-12×40 ஸ்கோப்பை (4 முதல் 12 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. முன்கண்ணாடியுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தி, 20 மீட்டர் தொலைவில் இலக்கு அட்டையில் பயிற்சி செய்து வருகிறேன். ஸ்கோப்பைச் சரிசெய்யும் குமிழின் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) அளவுடையது. முதல் நாள் பொறுமையாக ஜீரோ செய்தபோது (குறிவைத்த இடத்திலேயே பெல்லட் படுமாறு ஸ்கோப்பைச் சரிசெய்தபோது) பத்துப் பெல்லட்டுகள் ஏறத்தாழ 25 மி.மீ. வட்டத்துக்குள் விழுந்தன. என் கைக்கும் இந்த ரைஃபிளுக்கும் அது போதும் என்று நிறைவடைந்தேன்.

ஆனால் அந்த ஜீரோ நிற்கவில்லை. சுமார் நாற்பது முறை சுட்ட பிறகு குரூப் (பெல்லட்டுகள் விழும் கூட்டம்) முழுவதும் 20 மி.மீ. அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. எலிவேஷன் (மேல், கீழ்) குமிழைத் திருகிச் சரிசெய்தேன். மறுநாள் மீண்டும் 15 மி.மீ. கீழே, சற்று இடப்புறமாகவும் விழுந்தது. அதையும் சரிசெய்தேன். இப்படியே நான்கு நாள்கள் நடந்ததில், மேல்நோக்கித் திருகுவதற்கு இனி அதிக இடம் இல்லை என்னும் நிலைக்குக் குமிழ் வந்துவிட்டது.

இதுவரை நான் செய்தவை இவ்வளவுதான். ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகளின் திருகுகளை இரண்டு முறை இறுக்கினேன். பெல்லட் வகையை மாற்றவில்லை. சில நாள்களில் மணல்பை மீதும், சில நாள்களில் இடக்கை மீதும் ரைஃபிளைத் தாங்கிச் சுட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: முன்பைவிட ஸ்கோப்பின் கண்முனை எனக்கு அருகில் வந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. தலையைச் சற்றுப் பின்னால் இழுத்தால்தான் முழு வட்டமும் தெரிகிறது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

புதிய ஸ்கோப் வாங்குவதுதான் வழியா, அல்லது அதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டியவை உண்டா? பெல்லட்டுகளை வீணாக்காமல் எந்த வரிசையில் சோதிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பட்டறைமேசை

புதிய ஸ்கோப்பை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே விடையின் பாதி இருக்கிறது. கண்முனை அருகில் வந்தது கற்பனை அன்று. ஸ்கோப், அதைத் தாங்கும் மவுண்டோடு சேர்ந்து, ரைஃபிளின் மேலுள்ள ரெயிலின் மீது பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

ஸ்ப்ரிங் ரைஃபிளில் இது ஏன் நிகழ்கிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் பிறகு எல்லாம் எளிது. விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. அதற்கு எதிர்வினையாக ரைஃபிள் பின்னோக்கி நகர்கிறது. அடுத்த கணமே பிஸ்டன் தன் முன்னால் அழுத்தப்பட்ட காற்றின் மீது மோதிச் சட்டென்று நிற்க, ரைஃபிள் முன்னோக்கி வெட்டி இழுக்கப்படுகிறது. இந்த இரண்டாவது வெட்டுத்தான் கடுமையானது. ரைஃபிள் முன்னே போகும்போது, நிலைமத்தால் தான் இருந்த இடத்திலேயே நிற்க முயலும் ஸ்கோப், ரெயிலைப் பொறுத்தவரை பின்னால் போகிறது. ஒவ்வொரு முறையும் தலைமுடி அளவு நகர்ந்தாலும், நாற்பது முறையில் அது கண்ணுக்குத் தெரியும் தொலைவாகிவிடும். வெடிமருந்து ரைஃபிளில் உதையின் வலிமை முழுவதும் ஒரே திசையில் இருப்பதால், அங்கே பல ஆண்டுகள் உழைத்த ஸ்கோப்கூட இங்கே சில நூறு சுடுகளில் தளர்ந்துவிடுவது உண்டு. உங்கள் ஸ்கோப் ஏர் ரைஃபிளுக்கென்று, இருதிசை அதிர்வையும் தாங்குமாறு செய்யப்பட்டதா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் குழலில் பெல்லட் இல்லை என்பதையும் ஸ்ப்ரிங் ஏற்றப்படவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்க்காதீர்கள். தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் உலோகத்தில் மோதும், அதன் சீல் கெடும்.

பிறகு ஆலன் கீயை எடுத்துக்கொண்டு கட்டையின் (ரைஃபிளின் உலோக உடலைத் தாங்கும் பகுதியின்) திருகுகளிலிருந்து தொடங்குங்கள். முன்புறம் இருபக்கமும் உள்ள திருகுகளும், விசைக் காப்பின் அருகே உள்ள திருகும் ஸ்ப்ரிங் ரைஃபிளில் தாமாகவே தளரும். ஜீரோ நிற்கவில்லை என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட ரைஃபிள்களில் பலவற்றில் இதைத் தவிர வேறு குறையே இருந்ததில்லை. அடுத்து, குழல் மடங்கும் இடத்திலுள்ள அச்சுத் திருகைப் பாருங்கள். குழலைப் பாதி மடக்கிய நிலையில், பின்புறக் கட்டையை உடலோடு அணைத்துப் பிடித்து, குழலின் முனையை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டம் இருக்கவே கூடாது. விரல்கள் குழலுக்கும் ரைஃபிளின் உடலுக்கும் இடையில் போகாதபடி கவனமாகச் செய்யுங்கள்.

மவுண்டுக்கு வருவோம். உங்கள் ரைஃபிளின் மேல் 11 மி.மீ. டவ்டெயில் ரெயில்தான் இருக்கும் என்று கருதுகிறேன். அதன் பின்பகுதியில் சிறிய துளைகள் ஒன்றோ இரண்டோ இருக்கின்றனவா என்று பாருங்கள். மவுண்டின் அடியில் ஸ்டாப் பின் என்னும் சிறு முள் இருக்கும். அதை மேலிருந்தோ அடியிலிருந்தோ திருகி இறக்கி அந்தத் துளைக்குள் உட்கார வைக்க வேண்டும். மவுண்டின் பிடிப்பு மட்டுமே ஸ்ப்ரிங் ரைஃபிளில் போதாது, எவ்வளவு இறுக்கினாலும் போதாது. பின்னோக்கி நகர்வதைத் தடுப்பது அந்த முள்ளின் வேலை.

பொருத்தும் முன் ரெயிலையும் மவுண்டின் தாடைகளையும் ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். ரிங்குகளின் உட்புறத்தையும் ஸ்கோப் குழாயையும் அவ்வாறே துடையுங்கள். துருப்பிடிக்கும் என்று அஞ்சி ரெயிலுக்கு எண்ணெய் பூசிய பிறகு அதன் மீதே மவுண்டைப் பொருத்துவது பலரும் செய்யும் தவறு. ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்கு ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். நகர்கிறது என்பதற்காக அதற்கு மேல் இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி, உள்ளேயுள்ள அசையும் குழாய் சிக்கிக்கொள்ளும். இல்லாத நோயை நாமே வரவழைத்ததாகிவிடும்.

எல்லாம் பொருத்திய பிறகு, வெள்ளை மையாலோ நகப்பூச்சாலோ மவுண்டின் மீதும் ரெயிலின் மீதும் ஒட்டித் தொடரும் மெல்லிய கோடு ஒன்றும், ரிங்கின் மீதும் ஸ்கோப் குழாயின் மீதும் தொடரும் கோடு ஒன்றும் இழுங்கள். இருபது முறை சுட்டுவிட்டுக் கோடுகள் உடைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எது நகர்கிறது என்று ஊகிக்க வேண்டிய தேவையே இராது.

மறுமொழி: அட்டைக்கட்டு

பட்டறைமேசை சொன்னவை அனைத்தும் சரி. அவற்றைச் செய்த பிறகும் ஏமாறாமல் இருக்க, சுடும் முறையைப் பற்றி ஒரு சொல் சேர்க்கிறேன்.

உங்கள் ரைஃபிள் பத்துப் பெல்லட்டுகளை 25 மி.மீ. வட்டத்தில் போடுகிறது. அப்படிப்பட்ட ரைஃபிளில் மூன்று பெல்லட்டுகளை மட்டும் சுட்டு அவற்றின் மையத்தைக் குறித்தால், எந்தப் பழுதும் இல்லாதபோதே அந்த மையம் ஒருமுறைக்கு ஒருமுறை 5, 6 மி.மீ. இடம் மாறும். உங்கள் ஸ்கோப்பில் 20 மீட்டரில் ஒரு கிளிக் ஏறத்தாழ 1.45 மி.மீ. ஆகையால், அந்த மூன்றைப் பார்த்து நான்கு கிளிக் திருகினால், சரியாக இருந்த ஜீரோவை நீங்களே கெடுத்துவிட்டு, அடுத்த மூன்றைப் பார்த்து மறுபக்கம் திருக நேரிடும். நான் தொடக்கத்தில் ஒரு பருவம் முழுவதையும் இப்படித்தான் கழித்தேன். உங்கள் 20 மி.மீ. சரிவு இந்த வகையில் அடங்காது, அது உண்மையான பழுதுதான். ஆனால் பழுதை நீக்கிய பிறகு சோதிக்கும்போது, பத்துப் பெல்லட்டுகள் ஒரே அட்டையில் விழும் வரை குமிழைத் தொடாதீர்கள்.

மணல்பையிலிருந்து ஒரு நாள், கையிலிருந்து ஒரு நாள் என்று சுட்டதை முதலில் நிறுத்துங்கள். ஸ்ப்ரிங் ரைஃபிளில் பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் அசையத் தொடங்கிவிடுகிறது. அந்த அசைவு எப்படி அமைகிறது என்பது அதைத் தாங்கும் இடத்தையும் பிடியின் இறுக்கத்தையும் பொறுத்தது. பை மீது அழுத்தி வைத்துச் சுடும்போது ஓரிடத்திலும், திறந்த உள்ளங்கையில் தளர்வாக வைத்துச் சுடும்போது வேறிடத்திலும் விழுவது இந்த வகை ரைஃபிளின் இயல்பு. உள்ளங்கையைச் சமநிலைப் புள்ளிக்கு அருகில் எப்போதும் ஒரே இடத்தில் வைத்து, விரல்களால் பற்றாமல், ரைஃபிளைத் தன்போக்கில் உதைக்க விட்டுச் சுடுவதே நிலையான குரூப்பைத் தரும். கட்டையில் அந்த இடத்தைக் குறிக்கச் சிறிய ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள்.

பாரலாக்ஸையும் (கண் நகரும்போது குறுக்குக்கோடு இலக்கின் மீது இடம் மாறித் தெரிவதை) பாருங்கள். 40 மி.மீ. முன்கண்ணாடி உள்ள ஸ்கோப்பில் பாரலாக்ஸ் 100 கஜத்துக்கு வைக்கப்பட்டிருந்து நீங்கள் 20 மீட்டரில் சுட்டால், கண்ணை வட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோகும்போது பிழை 15 மி.மீ. வரை வரக்கூடும். உங்கள் ஸ்கோப்பில் முன்வளையத்தைச் சுழற்றித் தொலைவை மாற்றும் வசதி இருந்தால், வளையத்தில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், ரைஃபிளை அசையாமல் வைத்துத் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மீது நீந்தாமல் நிற்கும் இடமே சரியான இடம். கண்முனை அருகில் வந்ததால் நீங்கள் தலையைப் பின்னுக்கு இழுக்கிறீர்கள், கன்னம் கட்டையில் படும் இடமும் அதனால் மாறியிருக்கிறது. ஆகவே இந்தப் பிழையும் உங்கள் சரிவில் கலந்திருக்கலாம்.

மறுமொழி: இருபதுமீட்டர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்தேன்.

கட்டையின் முன்திருகுகளில் இடப்பக்கத்துத் திருகு கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. குழல் அச்சில் ஆட்டம் இல்லை. ரெயிலில் துளை இருந்தது. மவுண்டில் ஸ்டாப் பின்னும் இருந்தது. ஆனால் அது மேலே ஏற்றிய நிலையிலேயே இருந்திருக்கிறது. அதை இறக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. மவுண்டைக் கழற்றியபோது ரெயிலில் கறுப்புப் பூச்சு தேய்ந்து ஒரு பளபளப்பான தடம் தெரிந்தது. நீளம் 3 மி.மீ. இருக்கும். நீங்கள் கேட்டபடி பார்த்ததில், ஸ்கோப் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்றே கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கிறது.

அனைத்தையும் துடைத்து, முள்ளைத் துளையில் இறக்கி, கோடுகளை இழுத்து, உள்ளங்கைப் பிடியில் மட்டும் அறுபது பெல்லட்டுகள் சுட்டேன். கோடுகள் இரண்டும் உடையவில்லை. நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது.

ஆனால் முழுமையாகத் தீரவில்லை. இப்போது குரூப் ஒரே திசையில் நகரவில்லை. ஒரே அமர்வுக்குள் மேலும் கீழுமாகத் தாவுகிறது. நான்கு பெல்லட்டுகள் நன்றாக ஓரிடத்தில் விழும், அடுத்த மூன்று 15 மி.மீ. கீழே விழும், பிறகு மீண்டும் மேலே வரும். பாரலாக்ஸைத் தலையை அசைத்துச் சரிசெய்துவிட்டேன். எலிவேஷன் குமிழை மேலே திருக இன்னும் 14 கிளிக்குகளே மிச்சம் இருக்கின்றன. அடியிலிருந்து உச்சிவரை எண்ணிப் பார்த்தபோது மொத்தம் 232 கிளிக்குகள் வந்தன.

மறுமொழி: நீள்கணக்கு

அந்த இரண்டு எண்களைத் தந்தது நல்லதாயிற்று. ஸ்கோப்பின் நடுநிலை 116 ஆவது கிளிக். நீங்கள் இருப்பது 218 ஆவது கிளிக். அதாவது நடுவிலிருந்து 102 கிளிக் மேலே போய் நிற்கிறீர்கள். தாவலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஸ்கோப்பின் உள்ளே எரெக்டர் எனப்படும் சிறிய குழாய் ஒன்று இருக்கிறது. அதன் பின்முனை ஒரு கீல்போல் நிற்க, முன்முனையை மேலிருந்து எலிவேஷன் திருகும், பக்கத்திலிருந்து விண்டேஜ் (இடம், வலம்) திருகும் தள்ளுகின்றன. எதிர்ப்புறத்தில் ஒரு ஸ்ப்ரிங், பெரும்பாலும் பட்டையான தகடு, அந்தக் குழாயைத் திருகுகளின் முனையோடு ஒட்டியிருக்குமாறு அழுத்திக்கொண்டிருக்கிறது. படும் இடத்தை மேலே கொண்டுபோக நீங்கள் குமிழைத் திருகும்போது எலிவேஷன் திருகு மேலேறுகிறது. குழாயை அதைத் தொடரச் செய்வது ஸ்ப்ரிங்கின் வேலை. திருகு மேலேற மேலேற ஸ்ப்ரிங் விரிந்து அழுத்தத்தை இழக்கிறது. கடைசிச் சில கிளிக்குகளில் குழாயைப் பிடித்து வைக்கும் வலு அதற்கு இராது. நீங்கள் கிளிக் ஓசையைக் கேட்பீர்கள். ஆனால் குழாய் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது, அல்லது ரைஃபிள் உதைத்ததும் விலகி, மற்றோர் உதையில் திரும்பி வரும். நான்கு மேலே, மூன்று கீழே என்று நீங்கள் எழுதியது இதன் நடத்தைதான். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அதனால் நன்றாக வேலை செய்ய முடியாத மூலைக்கு அதைத் தள்ளியிருக்கிறோம்.

அந்த மூலைக்கு ஏன் போக நேர்ந்தது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஸ்கோப்பின் நடுக்கோடு குழலின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 45 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பெல்லட் வினாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் 20 மீட்டரைக் கடக்க 0.09 வினாடி ஆகும். அதற்குள் அது ஏறத்தாழ 40 மி.மீ. விழும். ஆக, குழலும் ஸ்கோப்பும் துல்லியமாக ஒன்றுக்கொன்று இணையாக இருந்தாலும், பெல்லட் குறுக்குக்கோட்டுக்கு 85 மி.மீ. கீழே படும். அதை ஈடுசெய்யவே 58 கிளிக்குகள் வேண்டும். உங்களுக்கு ஆனதோ 102, அதாவது 148 மி.மீ. மிச்சமுள்ள 63 மி.மீ. எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி, ஸ்ப்ரிங் பிடிக்காத இடத்தில் நீங்கள் துரத்திப்போன வீண் கிளிக்குகளாக இருக்கலாம். பெரும்பகுதி குழலின் சரிவு. மடக்கும் குழல் பூட்டிக்கொள்ளும்போது அதன் முனை ரெயிலைவிடச் சற்றுக் கீழ்நோக்கி நிற்பது இவ்வகை ரைஃபிள்களில் மிகச் சாதாரணம். ஸ்கோப் இல்லாமல் இரும்புக் குறியைப் பயன்படுத்துகிறவருக்கு அது தெரியாது, ஏனெனில் முன்குறி குழலின் மீதே இருக்கிறது. ஸ்கோப்பைப் பொருத்தும்போதுதான் அது வெளிப்படுகிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. புதிய அட்டையில் மையத்தைக் குறிவைத்து ஐந்து பெல்லட்டுகள் சுடுங்கள். பிறகு 40 கிளிக் கீழே, ஐந்து. 40 கிளிக் வலப்புறம், ஐந்து. 40 கிளிக் மேலே, ஐந்து. 40 கிளிக் இடப்புறம், ஐந்து. எப்போதும் குறிவைப்பது அதே மையப்புள்ளியைத்தான். ஒழுங்கான ஸ்கோப் 58 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தை வரைந்து, கடைசி ஐந்தை முதல் ஐந்தின் மீதே கொண்டுவந்து போடும். உங்கள் ஸ்கோப்பில் சதுரத்தின் அடிப்பக்கம் நேராக இருக்கும், மேல்பக்கம் கோணலாகவோ சிதறியோ இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

தீர்வு, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, வேண்டிய சாய்வை மவுண்டுக்குக் கொடுப்பது. நடுநிலையைக் கண்டுபிடிக்கக் கிளிக்குகளை எண்ணுவது ஓரளவுக்குப் போதும். இன்னும் சரியாக வேண்டுமானால், ஸ்கோப்பைக் கழற்றி, மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்து, தட்டையான முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை முன்கண்ணாடியின் விளிம்போடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். குறுக்குக்கோட்டோடு அதன் நிழலும் மங்கலாகத் தெரியும். இரண்டும் ஒன்றன் மீது ஒன்று பொருந்தும்வரை இரு குமிழ்களையும் திருகினால் அதுவே ஒளியியல் நடு. எந்தக் குமிழையும் அதன் எல்லையில் பலவந்தமாகத் திருகாதீர்கள்.

மறுமொழி: பழையபிலிம்

இதற்குச் செலவே வேண்டாம் என்று சொல்ல வந்தேன். பழைய புகைப்படச் சுருளை ரிங்கின் அகலத்துக்கு வெட்டி, பின் ரிங்கின் அடிப்பாகத்தில் வைத்து அதன் மீது ஸ்கோப்பை உட்கார வைத்தால் பின்பக்கம் உயரும். படும் இடமும் மேலே வரும். நான் இரண்டு துண்டுகள் வைத்துப் பல ஆண்டுகளாகச் சுடுகிறேன், ஜீரோ அசைந்ததில்லை.

மறுமொழி: நீள்கணக்கு

உங்களுக்கு இரண்டு துண்டுகள் போதுமானதால் அது நன்றாக நிற்கிறது. இவருடைய கணக்கு வேறு. 102 கிளிக் என்பது ஒவ்வொரு மீட்டருக்கும் 7.4 மி.மீ. சாய்வு. ரிங்குகளுக்கு இடையே 100 மி.மீ. இருந்தால், பின் ரிங்கை 0.74 மி.மீ. உயர்த்த வேண்டும். சுருள் ஒன்றின் தடிமன் 0.15 மி.மீ. என்று கொண்டாலும் ஐந்து துண்டுகள் ஆகும். நேராக நிற்கும் இரண்டு ரிங்குகளுக்குள் அவ்வளவு சாய்வைத் திணித்தால், வளைவது ஸ்கோப்பின் குழாய்தான். ரிங்கின் விளிம்புகள் குழாயைக் கடித்துத் தடம் பதிக்கும், எரெக்டரின் அசைவும் தடைப்படும். ஒன்றிரண்டு துண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தால், சாய்வு வைத்தே செதுக்கப்பட்ட ஒற்றைத்துண்டு மவுண்டையோ, ரிங்குகள் தாமே சாய்ந்துகொடுக்கும் மவுண்டையோ பயன்படுத்துவதே நல்லது. 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள மவுண்ட் 80 கிளிக்குகளை மிச்சப்படுத்தும். இவருக்கு அது போதும். வாங்கும்போது அதில் ஸ்டாப் பின் இருக்கிறதா, உங்கள் ரெயிலின் துளைக்கு அது எட்டுமா என்று பார்த்து வாங்குங்கள். உயரமான முனை பின்பக்கம் வர வேண்டும்; அவசரத்தில் திருப்பிப் பொருத்தினால் குறை இரட்டிப்பாகும்.

மறுமொழி: இருபதுமீட்டர்

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மவுண்டை மாற்றும் முன் சதுரச் சோதனையைச் செய்தேன். அடிப்பக்கத்து இரண்டு குரூப்புகளும் இறுக்கமாக, எதிர்பார்த்த இடத்தில் விழுந்தன. மேலே திரும்பி வந்தபோது குரூப் நெடுக்காகச் சிதறியது. கடைசி ஐந்தின் மையம் முதல் ஐந்தின் மையத்துக்கு 14 மி.மீ. கீழே இருந்தது. அந்த அட்டையைப் பார்த்தபோதுதான் நீங்கள் எழுதியது எனக்கு முழுமையாக விளங்கியது.

பிறகு 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள ஒற்றைத்துண்டு மவுண்டை, முள்ளைத் துளையில் இறக்கிப் பொருத்தினேன். கண்ணாடி வைத்து ஸ்கோப்பை நடுவுக்குக் கொண்டுவந்தேன். புதிய ஜீரோ நடுவிலிருந்து 9 கிளிக் மேலே அமைந்தது. 80 ஐயும் 9 ஐயும் கூட்டினால் 89. முன்பு 102 வரை போனேன் அல்லவா, அந்த 13 கிளிக்குகளும் நான் பழுதைத் துரத்தியவை என்று புரிகிறது. இப்போது சதுரம் மூடுகிறது. கடைசி ஐந்தும் முதல் ஐந்தும் ஒன்றோடொன்று கலந்து விழுகின்றன. நான்கு அமர்வுகளில் 200 பெல்லட்டுகள் சுட்டுவிட்டேன். குமிழைத் தொடவில்லை, கோடுகள் உடையவில்லை.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. இத்தனை நாள் உச்சியில் வைத்துச் சுட்டதால் ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங் நிரந்தரமாகத் தளர்ந்திருக்குமா? இன்னொன்று, ஒவ்வொரு நாளும் முதல் மூன்று நான்கு பெல்லட்டுகள் குரூப்புக்குச் சுமார் 10 மி.மீ. மேலே விழுகின்றன, பிறகு இறங்கி நிலைக்கின்றன. ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் குழலைத் துடைத்து வைக்கிறேன். இதுவும் ஜீரோ நகர்வதன் அடையாளமா?

மறுமொழி: பட்டறைமேசை

ஸ்ப்ரிங் உச்சியில் இருந்தபோது விரிந்த நிலையில்தான் இருந்தது, அழுத்தப்பட்டுச் சோர்ந்துவிடவில்லை. சதுரம் மூடுகிறது, 200 பெல்லட்டுகளுக்கு ஜீரோ நிற்கிறது என்றால் உள்ளே குறையில்லை என்றே கொள்ளலாம். இன்னும் ஓராயிரம் பெல்லட்டுகள் சுட்ட பிறகு சதுரச் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்து, இப்போதைய அட்டையோடு வைத்துப் பாருங்கள். அதற்காக இந்த அட்டையைத் தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

முதல் மூன்று நான்கு பெல்லட்டுகள் மேலே விழுவது ஸ்கோப்பின் வேலை அன்று. நீங்கள் குழலைத் துடைக்கும்போது உள்ளே படிந்திருந்த மெல்லிய ஈயப் படலமும் போய்விடுகிறது. அது மறுபடி சீராகப் படியும்வரை பெல்லட்டுகள் சற்று வேறிடத்தில் விழும். ஓய்விலிருந்த ரைஃபிளின் மசகும் சீலும் சில சுடுகளுக்குப் பிறகே தம் வழக்கமான நிலைக்கு வருகின்றன. ஒவ்வொரு முறையும் குழலைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, வெளிப்புறத்தை மட்டும் துடைத்து வையுங்கள். குரூப் விரியத் தொடங்கினால் மட்டும் உட்புறத்தைச் சுத்தம் செய்யுங்கள். அமர்வின் தொடக்கத்தில் ஐந்து பெல்லட்டுகளைத் தனி அட்டையில் சுட்டுவிட்டு ஆறாவதிலிருந்து கணக்கு வையுங்கள். இரண்டு மாற்றங்களையும் ஒரே நாளில் செய்யாமல், முதலில் துடைப்பதை நிறுத்திப் பார்த்து, அந்த 10 மி.மீ. குறைகிறதா என்று எழுதுங்கள்.

மறுமொழி: இருபதுமீட்டர்

துடைக்காமல் மூன்று அமர்வுகள் சுட்டேன். முதல் பெல்லட் மட்டும் 4, 5 மி.மீ. மேலே விழுகிறது, இரண்டாவதிலிருந்து குரூப்புக்குள் வந்துவிடுகிறது. கட்டையின் திருகுகளை நூறு பெல்லட்டுகளுக்கு ஒருமுறை பார்த்து வருகிறேன். இடப்பக்கத்து முன்திருகு மீண்டும் ஒருமுறை சற்றுத் தளர்ந்தது. நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு இட்டு இறுக்கிய பிறகு அசையவில்லை.